திருப்பி அனுப்பப்பட்ட மனு

கடவுளைப் பற்றிச் சரியாகப் பேசத் தெரிந்தவர்கள்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி வந்தால், எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனை காணிக்கையில் தொடங்கிக் காணிக்கையிலேயே முடிந்துவிடும். அப்படி ஒரு விதி இல்லாததால் நானும் பேசிக்கொண்டிருக்கிறேன். செங்கல்பட்டில் வருவாய்த்துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன்னால் கல்லூரியில் தத்துவம் படித்தேன். தத்துவம் சோறு போடாது என்று அப்பா சொன்னதால் அரசுத் தேர்வு எழுதினேன். இந்த இரண்டு தகுதியும் ஒருசேர உள்ள ஆள் எங்கள் சபையில் வேறு யாரும் இல்லை. ஆகவே போதகர் ஊரில் இல்லாத நாட்களில் வீட்டு ஜெபங்களுக்கு என்னைக் கூப்பிடுவார்கள்.

கல்லூரியில் இதற்கென்றே ஒரு பாடம் இருந்தது. கடவுளை நல்லவர் என்று சொல்கிறோம். பக்கத்து வீட்டுக்காரரையும் நல்லவர் என்றுதான் சொல்கிறோம். இரண்டு இடத்திலும் ஒரே பொருள் என்றால் கடவுள் கொஞ்சம் பெரிய பக்கத்து வீட்டுக்காரர் ஆகிவிடுவார். பொருளே வேறு என்றால் நாம் சும்மா சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறோம். நடுவில் ஒப்புமை என்று ஒரு வழி இருக்கிறது, ஒத்துப்போவதைவிட ஒத்துப்போகாதது எப்போதும் அதிகம் என்பதை மறக்காமல் அந்த வழியில் போகலாம் என்றார்கள். அதை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினேன். ஒத்துப்போகாத பாகம் எங்கே தொடங்குகிறது என்று யாரும் அளந்து கல் நட்டுக் காட்டவில்லை. தேர்வில் அந்தக் கேள்வி வராது.

போன வருடம் என் தங்கை வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் வைத்தார்கள். மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கடற்கரைச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, அரசு கொடுத்த மனையில் அவள் வீடு. கணவர் இறந்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகன், கேளம்பாக்கத்து அடுக்குமாடி வீடுகளுக்கு ஏ.சி. பழுதுபார்க்கிற வேலை. வேலை முடிந்து வரும்போது வண்டி சறுக்கித் தலையில் அடி. அறுவை சிகிச்சை எல்லாம் முடிந்து, இனி வீட்டில் வைத்துப் பாருங்கள், தெளிவு வரலாம், வராமலும் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். மூக்கில் குழாய். அதன் வழியாகக் கஞ்சி. கண் திறந்திருக்கிறது, யாரையும் பார்ப்பதில்லை. அவனைப் புரட்டிப் போடுவது, துடைப்பது, குழாயில் ஊற்றுவது எல்லாம் தங்கை ஒருத்திதான்.

கருங்குழியிலிருந்தும் அச்சரப்பாக்கத்திலிருந்தும் உறவுக்காரர்கள் வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஆறுதலாக நாலு வார்த்தை பேச வேண்டியவன் நான். ஜெபம் கேட்கப்படுகிறதா, கேட்கப்பட்டால் பதில் ஏன் வரவில்லை என்பதுதான் அந்தக் கூடத்தில் இருந்த ஒரே கேள்வி. கடவுளை எதைப் போல என்று சொல்வது? ராஜாவைப் போல என்றால், எங்களில் யாரும் ராஜாவைப் பார்த்ததில்லை. எஜமானைப் போல என்றால், எங்கள் முன்னோர் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நின்றவர்கள், எஜமான் என்றால் என்ன என்று அவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். என் அப்பா கடைசிவரை ஜெபத்தில் அந்த வார்த்தையை வாயில் எடுத்ததில்லை. ஆனால் மனு என்றால் எங்கள் குடும்பத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நாங்கள் உட்கார்ந்திருந்த அந்த வீட்டு மனையே மனு கொடுத்து வந்தது. சாதிச் சான்று, விதவை உதவித்தொகை, மின் இணைப்பு, சுடுகாட்டுப் பாதை, எல்லாம் திங்கட்கிழமை மனுநாள் வரிசையில் நின்று வாங்கியது. அந்த வரிசைக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்தவனும் இந்தக் குடும்பத்து ஆள்தான்.

ஆகவே சொன்னேன். ஜெபம் ஒரு மனு. கொடுத்தவுடன் பதிவாகிவிடும். பதிவான எதுவும் தொலைவதில்லை. பதில் வராததால் நிராகரித்துவிட்டார் என்று நினைக்கக் கூடாது. பரிசீலனையில் இருக்கலாம். அறிக்கை கேட்டிருக்கலாம். சில சமயம் கூட வைக்க வேண்டிய ஏதோ ஓர் இணைப்புத் தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். குறையைச் சரிசெய்து மறுபடி கொடுத்தால் கட்டாயம் எடுத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் புரிந்தது. வேனில் ஏறும்போது அச்சரப்பாக்கத்து மைத்துனர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், நம்ம சபை அய்யரு வருஷமெல்லாம் சொன்னது மண்டையில ஏறல. நீ ஒரே மனுவுல ஏத்திட்ட" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது தங்கை போன் செய்தாள்.

"ண்ணா, இன்னா பேப்பர் கொறையுது?"

மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்குத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, மருத்துவச் சான்று, ஆதார் நகல், புகைப்படம் என்று வரிசையாகச் சொன்னேன்.

"அத்த கேக்கலண்ணா. அது போன மாசமே குட்த்தாச்சு. மேல குட்த்தது. ஆண்டவராண்ட. நீதான சொன்ன, இன்னாவோ கொறைஞ்சா திருப்பி அனுப்புவாங்கன்னு. இன்னான்னு தெரிஞ்சா வெச்சிட்லாம்ல?"

சிரித்தேன். அது அவருக்குத்தான் தெரியும் என்று சொல்லி வைத்தேன். அலுவலகத்திலும் இப்படித்தான் பதில் சொல்வோம், எங்களுக்குத் தெரியாததை மேலிடத்துக்குத்தான் தெரியும் என்போம். கேட்டவர் அதோடு போய்விடுவார் என்பது நம்பிக்கை. பெரும்பாலும் போய்விடுவார்.

அவள் போகவில்லை. குறைகிற இணைப்பு உபவாசம்தான் என்று தானே முடிவுசெய்துவிட்டாள். முதலில் வெள்ளிக்கிழமை மட்டும். பிறகு புதனும் சேர்ந்தது. பிறகு எந்தக் கிழமை சாப்பிடுகிறாள் என்பதே தெரியாமல் போயிற்று. அவளுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டாள், வயிற்றில் ஒன்றும் இல்லாமல். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது அவள் தெருக்குழாய் அருகே மயங்கி விழுந்த அன்றைக்குத்தான். அவளுக்கு எதிர்வீட்டில் இருக்கிற ஷேர் ஆட்டோக்காரர் போன் செய்தார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் குளுக்கோஸ் ஏற்றி வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். மருத்துவர் திட்டியிருக்கிறார். இன்னொரு முறை இப்படி வந்தால் எழுந்திருப்பாள் என்று சொல்ல முடியாது என்று அவரிடம் தனியாகவும் சொல்லியிருக்கிறார்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் போய் இறங்கியபோது அவரே ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"இன்னா சார், உங்க தங்கச்சி இப்டி பேஜார் பண்ணுது? இட்லி வாங்கிக் குட்த்தா, மனு பெண்டிங்ல கீதுங்குது. இன்னா மனும்மான்னா, சாமிகிட்டங்குது. உங்க சாமி ஆபீசு வெச்சிகினு கீறாரா?"

"அது ஓர் உதாரணத்துக்குச் சொன்னது."

"யாரு சொன்னது?"

"நான்தான்."

அவர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "அதான பார்த்தேன். ரிட்டயர்டு ஆனாலும் விடமாட்டீங்க. ஏன் சார், அந்த ஆபீசுல கவனிக்கணுமா? கவனிச்சா சீக்கிரம் நவுருமா?"

"அதெல்லாம் அங்க இல்ல."

"அப்பறம் எப்டி சார் ஆபீசுன்றீங்க?" என்று சொல்லிவிட்டு, குறுக்கே வந்த ஒரு சுற்றுலா வேனைத் திட்டினார். பிறகு கொஞ்சம் இறங்கிய குரலில், "எங்க தெரு அம்மனுக்கு மனுவெல்லாம் இல்ல சார். கோவம் வந்தா நேரா வந்துடுவா. ஆனா நானும் தப்பா பேசக்கூடாது, எம்பொண்ணு காய்ச்சல்ல கெடந்தப்ப அவளும் வர்ல. இன்னா பண்ண சொல்ற?" என்றார்.

ஆட்டோ உப்புக் காற்றில் போய்க்கொண்டிருந்தது.

தங்கை கட்டிலுக்குக் கீழே தரையில், மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. சமையல் மேடையில் ஆட்டோக்காரர் வாங்கி வைத்த இட்லி பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. நான் முகம் கழுவாமல், தண்ணீர் குடிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"சாப்புடும்மா."

"சாயங்காலம் துன்றேண்ணா. சாயங்காலத்தோட ஒரு உபவாசக் கட்டு முடியுது."

"எந்தக் கட்டும் இல்ல. நான் சொன்னது ஒரு உவமை. ஆண்டவர் ஆபீசு நடத்தல. அவருக்கு இணைப்பு வேணாம். அவருக்கு உன் பசி வேணாம்."

எண்ணெய்க் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "உவமைன்னா பொய்யா?"

"பொய் இல்ல."

"நெஜமா?"

"அப்படியே நெஜமும் இல்ல. சில பாகம் ஒத்துப்போகும், சில பாகம் போகாது."

"எந்தப் பாகம் ஒத்துப்போகும்?"

நாற்பது பேருக்கு எதிரே பேசும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. "அவர் கேக்கறாருங்கற பாகம்" என்றேன்.

"கேக்கறாருன்றதும் ஒனக்கு எப்டி தெரியும்? அதுவும் உவமைதான?"

நான் வேறு வழி பார்த்தேன். கடவுள் மேய்ப்பர் மாதிரி, ஒரு ஆடு விழுந்தாலும் தேடி வருவார் என்றேன். "எதுக்கு வளக்கறான் ஆட்ட? கறிக்கு" என்றாள். தகப்பன் மாதிரி என்றேன். "நம்ம நைனா மாதிரியா? நைனா என்னை எட்டாவதோட நிறுத்துச்சு, ஒன்ன படிக்க வெச்சுது. அப்டி ஆள் பார்த்துதான் செய்வாரா?" எங்கள் அப்பா நல்ல மனிதர்தான். ஆனால் அவள் சொன்னது நடந்தது. தாய் மாதிரி என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிலைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், சொல்லவில்லை. தாய் என்றால் இந்த மாதிரி மகனை இப்படி விட்டுவிட்டு எங்கே போயிருக்கிறாள் என்று அவள் கேட்டுவிடுவாள்.

"நீ சொன்ன மனுதாண்ணா எனக்கு நல்லா இருந்துது" என்றாள். குரலில் சண்டை இல்லை. "மத்ததெல்லாம் கேட்டா அழுவதான் வருது. மனுன்னா நான் இன்னாவோ செய்யலாம். அலையலாம். அத்தையும் இல்லன்னுட்டா நான் இங்க சும்மா ஒக்காந்துனு இவன் மூஞ்சியப் பார்த்துகினே இருக்கணும். அத்தையா சொல்ற?"

அந்த நேரத்தில் என் தத்துவப் படிப்பு முழுவதும் எனக்கு எதிராக நின்றது. எடுத்துச் சொன்னால், ஒப்புமை என்பது ஏறிப்போகிற ஏணி மாதிரி, ஏறியபின் விட்டுவிட வேண்டும் என்று சொல்லலாம். அதுவும் ஓர் உவமை. ஏறாதவளிடம் ஏணியைப் பிடுங்கினால் விழுவாள். ஏற்கெனவே ஒருமுறை விழுந்துவிட்டாள். பொழுது போய்க்கொண்டிருந்தது, காலையில் போட்ட மாத்திரை உள்ளே வேலை செய்துகொண்டிருந்தது. அவள் நெற்றியிலும் மேலுதட்டிலும் வியர்வை துளிர்த்தது. எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்தவளின் விரல்கள் நடுங்கின.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். குரல் தானாக மாறியது. அலுவலகக் குரல், கொஞ்சம் சலிப்பும் கொஞ்சம் அதிகாரமும்.

"சரி. மனுதான். விதி தெரியுமா உனக்கு? மனுதாரர் செத்துட்டா இன்னா ஆவும்?"

"இன்னா ஆவும்?"

"மனுதாரர் இறந்துவிட்டதால் மேல்நடவடிக்கை கைவிடப்படுகிறதுன்னு ஒரே வரி எழுதி ஃபைல் கட்டை மூடிடுவோம். நானே எத்தனையோ எழுதியிருக்கேன். யாரும் மறுபடி திறந்து பார்க்க மாட்டாங்க."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், திங்கட்கிழமை வரிசையில் நிற்கிறவர்கள் யோசிப்பது போல.

"வாரிசு நடத்தலாமேண்ணா. நம்ம பெரியப்பா பட்டாவுக்கு வாரிசுதான நடத்திச்சு."

"நடத்தலாம். வாரிசு வந்து கையெழுத்துப் போடணும். உன் வாரிசு யாரு?"

கேட்டுவிட்டேன். கேட்டபின்தான் அது எவ்வளவு கொடூரமான கேள்வி என்று தெரிந்தது. அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எழும்போது ஆடியதால் நான் பிடித்துக்கொண்டேன். பொட்டலத்தை அவிழ்த்து, நின்றபடியே ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டாள். சாம்பார் ஆறிப்போயிருந்தது. சர்க்கரை டப்பாவைத் தேடி எடுத்து நான் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன், குடித்தாள். இன்னொரு இட்லி. பிறகு உட்கார்ந்து இன்னொன்று.

"தெனமும் துன்னணுமா?"

"தெனமும். வேளாவேளைக்கு. நீ நல்லா இருக்கறதுதான் மொத இணைப்பு."

"அத்த அன்னிக்கே கூட்டத்துல சொல்றதுக்கு இன்னா?" என்றாள். மென்றுகொண்டே லேசாகச் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பிட வைத்துவிட்டேன், அது சரி. எப்படி வைத்தேன் என்பது வேறு. கடவுள் ஒரு தாயின் மரணத்தைக் காரணம் காட்டி அவள் மகனைப் பற்றிய கோரிக்கையை மூடிவிடுவார் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். நான் நம்புகிற கடவுள் அப்படிப்பட்டவர் இல்லை. அப்படிப்பட்டவர் என்று போதகர் யாராவது பிரசங்கம் செய்திருந்தால் எழுந்து வெளியே போயிருப்பேன். ஒரு பொய்யான கடவுளின் பேரில் என் தங்கை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உண்மையான கடவுளைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருந்தால் அவள் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

கை கழுவிவிட்டு வந்து, அவன் குழாயில் கஞ்சி ஊற்றத் தொடங்கினாள். புனலை உயர்த்திப் பிடித்தபடியே, "ஜெபம் பண்ணிட்டுப் போ. நீ சொன்னா நல்லாருக்கும், ஒனக்கு அந்த பாஷை தெரியும்" என்றாள்.

கட்டில் தலைமாட்டில் நின்று கண்ணை மூடினேன். வழக்கமாக எனக்கு வார்த்தை தடுக்கியதே இல்லை. நீண்ட ஜெபம் செய்கிறேன் என்று பெண்கள் சங்கத்தில் புகார்கூட உண்டு. அன்றைக்கு வந்த ஒவ்வொரு வார்த்தையும் யாரோ ஒரு மனிதருடைய வேலையாகத் தெரிந்தது. ராஜா, மேய்ப்பர், வைத்தியர், நியாயாதிபதி. ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து வைத்தேன். கடைசியில் என் மருமகன் பெயரைச் சொன்னேன். அதற்குமேல் வரவில்லை.

"அவ்ளதானா?" என்றாள்.

"அவ்ளதான் வருது."

அவள் புனலை இறக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை. கஞ்சி மட்டத்தைப் பார்த்துக்கொண்டே தானே ஆரம்பித்தாள். "ஆண்டவரே, போன தபா குட்த்ததுல கொறை இருந்துதாம், மன்னிச்சிக்கோ. இப்ப நான் துன்னுட்டேன். இனிமே வேளாவேளைக்குத் துன்னுவேன். எங்க அண்ணன் சாட்சிக்கு நிக்குது, அதுக்கு எல்லா ரூலும் தெரியும். நீ மூடிடாத. நான் உசுரோட கீறேன். கட்ட தெறந்தே வை." பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் முடித்துவைக்க வேண்டும்.

இது சரியில்லை என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. தெருவில் ஆட்டோக்காரர் கடைசிப் பேருந்துக்கு என்னைக் கொண்டுவிடுவதற்காக ஹாரன் அடித்தார். அவள் கை உயரத்திலேயே நின்றது, நடுக்கம் குறைந்திருந்தது.

ஆமென் என்றேன்.

இப்போது நாள் தவறாமல் சாப்பிடுகிறாள் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்கிறார். மகனிடம் மாற்றம் இல்லை. வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கிறாள். நிலுவையில் இருக்கிறது என்கிறேன். வீட்டு ஜெபங்களுக்குக் கூப்பிட்டால் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுகிறேன். போதகர் என்ன ஆயிற்று என்று கேட்டார். பேசுவதற்கு ஒரு வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி என்றேன்.